அறுபதுக்கு மேல் கால் பலம்: பினாங்கு பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

67 வயது. தினமும் காலையில் நடக்கிறேன். போதாதா? (பட்டர்வொர்த்)

நடையை விடாதீர்கள் ஐயா. ஆனால் தொடைக்கு அது போதாது. முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை கரைகிறது. அறுபது தாண்டினால் இன்னும் வேகமாக. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். தசை இழப்புக்கு ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். பயிற்சியும் அதுவேதான்: காலை மாலை பத்துப் பத்து, உட்காரும்போது மெதுவாக. ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

கொலாஜன் பவுடர் குடிக்கலாமா?

காசு உங்களுடையது. காலையில் ரொட்டி சானாய், தே தாரிக்கோடு நிறுத்துகிறவர் முதலில் புரதத்துக்கு இரண்டு முட்டை சேர்க்கட்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுகிறேன். இதில் நாற்காலி எதற்கு? (ஆயர் ஈத்தாம்)

(இடையில் இன்னொருவர்) படி ஏறினால் முட்டி தேய்ந்துவிடும், அவரை நிறுத்தச் சொல்லுங்கள்!

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முட்டி என்ன டயரா, ஓட ஓடத் தேய? மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும் தொடை பலமானால் வலி குறையும். ஆனால் அண்ணே, முருகனைப் பார்க்க ஏறுவதில் மூச்சுதான் வாங்கும். முட்டி மாட்டிக்கொள்வது இறங்கும்போது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைத் தொடை பிடித்து நிறுத்த வேண்டும். கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். மறுநாளும் வலி இருந்தால் அடுத்த தடவை பாதி மலையோடு திரும்புங்கள். அப்புறம், வாரம் ஒரு நாள் ஏறுவது கணக்கில் சேராது. உலகச் சுகாதார நிறுவனம் தசைப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாளாவது கேட்கிறது. 65 தாண்டியவர்களுக்கு, தடுமாறி விழாமலிருக்க மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். சிலிப்பரோடு மலை ஏறுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முட்டி வலிக்கு விற்கிற குளுக்கோசமைன் மாத்திரை?

கொலாஜனுக்குச் சொன்னதுதான்.

அம்மாவுக்கு மறதி. குறுக்கெழுத்துப் போடச் சொல்லலாமா?

போடட்டும். அதற்கு முன்னால் காதைச் சோதித்தீர்களா அக்கா? காது மந்தமானவர் மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுவார். லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம், மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையையும் வைத்திருக்கிறது.

தூக்க மாத்திரை சாப்பிட்டால் நடை தள்ளாடுகிறது. பாதியாக்கட்டுமா?

நீங்களாகக் குறைக்காதீர்கள். மாத்திரை என் துறை இல்லை. கொடுத்த டாக்டரிடமே இந்தத் தள்ளாட்டத்தைச் சொல்லுங்கள், இந்த வாரமே.