பேர் மாறாத வண்டி: வாசகர் கேள்வி-பதில்

கே: ஆன்லைனில் 2019 மாடல் ஸ்கூட்டர் 22,000 ரூபாய் என்று பார்த்தேன். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்கிறாராம். அடையாள அட்டை, ஆர்.சி. படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. பார்சல் செலவு 2,150, ஜி.எஸ்.டி. 5,100, "திரும்பி வந்துவிடும்" என்று 8,999 வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை. (வில்லியனூர்)

ப: இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே 1930-ஐ (சைபர் மோசடிப் புகார் எண்) அழையுங்கள். உங்கள் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். புகார் எவ்வளவு சீக்கிரம் பதிவாகிறதோ, அதை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. மூன்று முறை அனுப்பியதற்கும் பரிவர்த்தனை எண், தேதி, நேரம் மூன்றையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். "பணத்தைத் திருப்பித் தருகிறேன், 3,000 கட்டுங்கள்" என்று மறுபடி ஒருவர் பேசுவார். கட்டாதீர்கள்.

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. அந்த அடையாள அட்டை வேறு யாருடையதோ. ஆர்.சி. படம் வேறொரு விளம்பரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். மற்ற வாசகர்களுக்கு ஒன்று: தன் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதர் வாங்குபவரிடம் ஜி.எஸ்.டி. கேட்க வழியே இல்லை. அந்தச் சொல் வந்ததும் போனை வைத்துவிடுங்கள்.

கே: என் பைக்கை விற்க விளம்பரம் போட்டேன். வாங்குபவர் க்யூ.ஆர். கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்" என்கிறார். செய்யலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

ப: கூடாது. பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், வராது.

கே: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2021-இல் என் பைக்கை ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடைக்கு விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, "பேர் நாங்க மாத்திக்கிறோம் சார்" என்றார்கள். இப்போது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. (மஞ்சக்குப்பம்)

ப: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். கோபம் உங்கள் மேல் இல்லை சார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையே வழக்கமாக்கி வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்.

படிவத்தில் வாங்குபவர் பெயரை ஏன் நிரப்புவதில்லை? கடைக்காரர் தன் பெயருக்கு ஒருமுறை மாற்றினால் கட்டணம், அலைச்சல், ஆர்.சி.யில் இன்னொரு உரிமையாளர் எண்ணிக்கை. அதைத் தவிர்க்க, வண்டி மூன்று கை மாறினாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயரையே விட்டுவைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது ஆர்.சி.யை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற வழக்கில், கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வெளிமாநிலம் என்றால் 45 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். அதாவது தெரிவிக்கும் கடமையும் உரிமையும் உங்களுக்கே உண்டு, கடைக்காரர் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் கொடுத்தால் 29சி படிவம் மூலம் ஒப்படைப்பைப் பதிய வழி இருக்கிறது. பதிந்தபின் பொறுப்பு அவருடையது. அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இனி உங்கள் நோட்டீஸ். போகாமல் இருந்துவிடாதீர்கள், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். விபத்து நாளில் அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்ததா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும், பாலிசி உங்கள் பெயரில் இருந்தாலும் சரி. விற்ற ரசீது, பணம் வந்த வங்கிப் பதிவு, கடைக்காரரோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து, கடைக்காரரையும் இப்போது வண்டி வைத்திருப்பவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கே: 1,80,000 கொடுத்து கார் வாங்கினேன். ஆர்.சி. ஜெராக்ஸ்தான் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஃபைனான்ஸ் ஆட்கள் வந்து, டியூ பாக்கி, வண்டியை எடுக்கிறோம் என்கிறார்கள். (பண்ருட்டி)

ப: ஜெராக்ஸை நம்பி 1,80,000 ரூபாயா? வண்டி எண்ணை எம்-பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டிருந்தால் கடன் இருப்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். டியூ உள்ள வண்டியை வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. பாக்கித் தொகையை ஃபைனான்ஸிடம் எழுத்தில் வாங்கி, அந்தப் பணத்தை விற்பவர் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கில் கட்டி, என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் முடிந்ததாகக் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வந்தபிறகுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். இப்போது விற்றவர் மேல் ஏமாற்றுப் புகார் கொடுங்கள். பாக்கி சிறியதானால் ஃபைனான்ஸோடு பேசி மேலே சொன்ன வழியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கே: 2017 டீசல் கார், உள்ளே ஷோரூம் மாதிரி இருக்கிறது. புது சீட் கவர், புது மேட். விலையும் குறைவு. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கடலூர் முதுநகர்)

ப: புது சீட் கவரும் புது மேட்டும் ஒன்றாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோதும் நம் பகுதியில் நின்ற தண்ணீர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பாகத்தைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பாகத்தில் சேற்றுக்கறை தங்கிவிடும். சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். டிரைவர் கால் பக்கத்து கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வையுங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் வண்டல் ஒளிந்திருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒயர் கனெக்டர்களைப் பாருங்கள், பச்சைப் பூத்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. கண்ணாடிகளைப் பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். இன்ஜின் ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிடலாம்.

இன்று ஓடுகிறதே என்பார்கள். தண்ணீர் இழுத்த இன்ஜினில் கனெக்டிங் ராட் லேசாக வளைந்திருந்தாலும் கொஞ்ச காலம் ஓடும். ஏர்பேக் கம்ப்யூட்டர் போன்ற பெட்டிகள் உள்ளே மெல்ல அரித்து, மாதங்கள் கழித்துத்தான் கைவிடும். நீங்கள் வாங்கிய பிறகு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, 2024 டிசம்பர் முதல் செய்த பெரிய வேலைகளின் பட்டியலை விற்பவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கே: பி.ஒய். (புதுச்சேரி) நம்பர் கார் மலிவாக வருகிறது. வாங்கி இங்கேயே ஓட்டலாமா? (ரெட்டிச்சாவடி)

ப: புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடம் விற்பவர் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. எடுக்க வேண்டும். 29, 30-உடன், தமிழ்நாட்டுப் புது எண்ணுக்கு 27-ஆம் படிவம், இங்கே சாலை வரி. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எண்ணை மாற்றியே ஆக வேண்டும். அந்த வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பல நேரம் டி.என். வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

கே: ஆன்லைன் கம்பெனி ஒன்று "முழுப் பரிசோதனை செய்த கார்" என்று விற்றது. 20 நாளில் கியர்பாக்ஸ் போய்விட்டது. (லாஸ்பேட்டை)

ப: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் மெக்கானிக்கிடம் கோளாறை எழுத்தில் வாங்குங்கள். பிரித்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. தீராவிட்டால் 1915 (தேசிய நுகர்வோர் உதவி எண்), பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு. தனிமனிதரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை, சிவில் கோர்ட்தான்.

கே: 2016 கார், 24,000 கி.மீ. ஓடியதாக மீட்டர் காட்டுகிறது. நம்பலாமா? (நெல்லிக்குப்பம்)

ப: பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3219 என்றால் 2019-இன் 32-ஆம் வாரம் செய்தது. 24,000 மட்டுமே ஓடிய 2016 காரில் நான்கு டயரும் 2019-இல் செய்ததாக இருந்தால் காரணம் கேளுங்கள். டயர் இன்னும் 2016-இலேயே நின்றால், பட்டை நன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். நான் ஒருமுறை அதைப் பார்க்காமல் வாங்கி, முதல் மாதமே நான்கையும் மாற்றினேன். புது டயர்களின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.