வேன் வருகிற பள்ளியா, நடந்து போகிற பள்ளியா?

கேள்வி: நகரிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். மகள் தமிழ்வழி அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தெருவில் பாதிப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் போய்விட்டார்கள். ஆந்திர அரசு தருகிற ‘தல்லிக்கி வந்தனம்’ பணத்தை ஃபீஸுக்குக் கட்டி அவளையும் மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், சித்தூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, மாற்றுவது உங்கள் உரிமை. ஆனால் இந்த வருஷம் வேண்டாம் என்பேன்.

அந்தத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய். பள்ளிப் பராமரிப்புக்கு 2,000 போக 13,000 உங்கள் கணக்கில் விழுகிறது. அரசுப் பள்ளியோ தனியாரோ, பணம் ஒன்றுதான். பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அரசு பணம் கொடுத்தால், போட்டியில் பள்ளிகள் தேறும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-லேயே எழுதினார். ஆந்திராவிலேயே இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 180 கிராமங்களில் குலுக்கல் போட்டு, சில பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். நான்கு வருஷம் கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இந்தியில் மட்டும் முந்தினார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இது. தனியார் பள்ளிகள் அதே அளவைக் குறைந்த செலவில் எட்டின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் மகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ். இங்கிலீஷ் மீடியத்தில் புத்தகம் ஆங்கிலம், டீச்சர் விளக்குவது தெலுங்கு. பக்கத்து வீட்டுப் பையனின் நோட்டை வாங்கிப் பாருங்கள், முத்துமுத்தாகப் பதில் இருக்கும். ஒரு வரியைத் தொட்டு, ‘இதுக்கு என்னடா அர்த்தம்?’ என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் மகளை, இன்னும் நடத்தாத தமிழ்ப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் நேரே தலைமை ஆசிரியரிடம் போங்கள்.

கேள்வி கேட்கிற அம்மாக்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டால் அந்த அரசுப் பள்ளியில் கேட்க ஆளே இருக்காது. என் பெரிய கவலை அதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம். அதில் சேருங்கள். ஆங்கிலமும் தெலுங்கும் பேசிப் பழக தினமும் நேரம் கேளுங்கள். தமிழ் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவைக் காட்டி மனு கொடுங்கள். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலம் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஒரு வருஷம் பாருங்கள். அப்போதும் வாசிக்க வரவில்லை, டீச்சரும் வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பள்ளியைக் காப்பாற்ற உங்கள் பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். மாற்றும் முன் ஃபீஸ், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 13,000 எத்தனை மாதம் தாங்கும் என்று அப்போது தெரிந்துவிடும்.