நந்தினியை எழுதும் மனைவியும் கணவர் கேட்ட கேள்வியும்

கேள்வி: எனக்கு 38 வயது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையை, அதில் வரும் நந்தினியின் பார்வையில் எழுதி வருகிறேன். கல்லூரிக் காலத்தில் நான் விரும்பியவரின் அக்காள், குடும்பத் தகுதியைக் காரணம் காட்டி எங்கள் திருமணத்தைத் தடுத்துவிட்டார். சோழ இளவரசி குந்தவையை எழுத உட்கார்ந்தால் அந்த முகமே கண்முன் நிற்கிறது. கதையில் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் முதியவர்; என் கணவரும் என்னைவிட மிகவும் மூத்தவர். எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நான்தான் பெரிய பழுவேட்டரையரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து தாள்களைப் புடவைகளுக்கு அடியில் மறைத்து வைக்கிறேன். இரவில் தூக்கமும் சரியாக இல்லை. எழுதுவதை நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நிறுத்த வேண்டியதில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது; நந்தினி அதில் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. வரலாறு கைகொடுக்காத அந்த இடத்தில், எழுதுகிறவர் தம் மனத்தைத்தான் வைக்க முடியும். பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் உயிருக்காகக் கரிகாலனின் காலில் விழுந்து மன்றாடிய நந்தினியின் கண்ணெதிரிலேயே வீரபாண்டியனின் தலை வெட்டப்பட்ட கட்டம் உங்களைப் பிடித்து வைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. இளைய பிராட்டி குந்தவையை நல்லவளாகக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்குக் கிடையாது.

என் கவலையெல்லாம் கணவரின் கேள்வியைப் பற்றியது. சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது வேடிக்கைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை; உங்கள் மௌனத்தை அவர் 'ஆம்' என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். பெரிய பழுவேட்டரையர் 64 விழுப்புண்களைத் தாங்கிய வீரர். தம்பி எச்சரித்தும் ஊர் சிரித்தும் கேளாமல், முதுமையில் மணந்தவளை முழுதாக நம்பியவர். அவளோ அவரைத் தன் பழிக்குக் கருவியாக்கினாள். (உங்கள் கணவர் அந்தக் கதையை நன்றாகப் படித்தவர் என்றே நினைக்கிறேன்.) அவரிடம் உங்களுக்குள்ள உறவும் அத்தகையதுதானா என்று தனியே உட்கார்ந்து உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று தோன்றினால் அதை இந்த வாரமே அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய காதலைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆம் என்று தோன்றினால், இருவருமாக ஓர் ஆலோசகரை நேரில் சந்திப்பது நல்லது. அதற்குக் கதையின் மேல் பழி போட வேண்டாம்.

எழுதும் நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.