ஆண்டைச் சொன்னால் போதுமா? நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு இலக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, உமிழ்வை நிறுத்தும் ஆண்டு என்று எங்கு பார்த்தாலும் 2050-ஐயே சொல்கிறார்களே, அந்த ஆண்டு எப்படி வந்தது?

2018-ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிட்ட சிறப்பு அறிக்கைதான் முக்கியக் காரணம். புவி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து 1.5 டிகிரி அளவில் நிற்க வேண்டுமானால், உலகின் கரியமில வாயு உமிழ்வு 2010-ஐ விட 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியத்துக்கு (விடுவதும் காற்றிலிருந்து திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலைக்கு) வர வேண்டும் என்றது அது. இது மொத்த உலகத்துக்கான கணக்கு. நாடுகள் அறிவித்த ஆண்டுகளோ வேறுபடுகின்றன: ஜெர்மனி 2045, சீனா 2060, இந்தியா 2070.

கேள்வி: அப்படியானால் சீக்கிரமான ஆண்டைச் சொல்லும் நாடுதான் சிறந்ததா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான்.

கரியமில வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகளுக்கு அங்கேயே தங்கிவிடும். எனவே கடைசியில் எந்த ஆண்டில் நிறுத்தினோம் என்பதைவிட, அதுவரை மொத்தமாக எவ்வளவு விட்டோம் என்பதே வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இன்று ஆண்டுக்கு 100 அலகு உமிழ்கின்றன. இரண்டும் 25 ஆண்டுகளில் பூஜ்ஜியம் என்கின்றன. முதல் நாடு ஆண்டுதோறும் சீராகக் குறைக்கிறது: மொத்தம் 1,250 அலகு. இரண்டாவது நாடு 20 ஆண்டுகள் எதையும் செய்யாமல் கடைசி 5 ஆண்டுகளில் அவசரமாகக் குறைக்கிறது: மொத்தம் 2,250. அறிவிப்பு ஒன்றுதான், கேடு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால்தான் பிரிட்டன் 2008-ல் இயற்றிய காலநிலை மாற்றச் சட்டத்தை நான் மதிக்கிறேன். 2050-க்குள் 80 சதவீதம் குறைப்பு என்று அது முதலில் சொன்னது; 2019-ல் அதை 100 ஆக்கினார்கள். அதன் உயிர்நாடி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுக்கும் ‘கார்பன் பட்ஜெட்’. அந்த ஐந்தாண்டில் மொத்தம் இவ்வளவுதான் உமிழலாம் என்று பல ஆண்டுகள் முன்கூட்டியே சட்டப்படி வரம்பு போடுகிறார்கள். தனித்து இயங்கும் ஒரு குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. இன்றைய அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், 2050-ன் அமைச்சர் அல்ல.

கேள்வி: ‘1990-ஐ விட’, ‘2005-ஐ விட’ என்று ஆளுக்கொரு ஆண்டைச் சொல்கிறார்களே?

அடிப்படை ஆண்டு மாறினால் சதவீதத்தின் பொருளே மாறிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1990-ஐ வைத்துக் கணக்கிடுகிறது. அமெரிக்கா, ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே அறிவிக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் 2005-ஐ எடுத்தது; அது அந்நாட்டின் உமிழ்வு உச்சத்தை ஒட்டிய ஆண்டு. தொழில்வள நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்த 1997-ன் கியோட்டோ நெறிமுறை 1990-ஐ எடுத்தபோது, சோவியத் ஒன்றியம் உடைந்து ரஷ்யத் தொழில்கள் ஏற்கெனவே சரிந்திருந்தன. எந்த முயற்சியும் இல்லாமலே ரஷ்யா தன் வரம்புக்கு வெகு கீழே நின்றது. சதவீதத்தைப் பார்க்கும்போது டன் கணக்கையும் கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவின் 45 சதவீதக் குறைப்பு என்றால் உமிழ்வு பாதியாகிவிடுமா மேடம்?

ஆகாது. அது உமிழ்வுச் செறிவு, அதாவது உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு அலகுக்கும் ஆகும் உமிழ்வு. 2005-ஐ விட 2030-க்குள் அது 45 சதவீதம் குறைய வேண்டும் என்பதே இலக்கு. செறிவு அவ்வளவு குறைந்தாலும், பொருளாதாரம் இரட்டிப்பானால் மொத்த உமிழ்வு 10 சதவீதம் கூடும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். தலைக்கு உமிழ்வு குறைவாக உள்ள, வளர வேண்டிய நாட்டுக்கு இது நியாயமான தொடக்கம். பணக்கார நாடு இதே அளவுகோலைப் பிடித்தால் ஏற்கக் கூடாது.

கேள்வி: மரம் நட்டுக் கணக்கை நேர் செய்யலாமா?

ஓரளவுக்கு மட்டும். காடு எரிந்தால் சேர்த்த கார்பன் திரும்ப வந்துவிடும். எவ்வளவு உமிழ்வுக் குறைப்பு, எவ்வளவு மரங்கள் போன்றவை காற்றிலிருந்து உறிஞ்சுவது என்று ஒரு நாடு தனித்தனியாக எழுதாவிட்டால், அந்த இலக்கைச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

கேள்வி: இலக்கை எட்டாவிட்டால் தண்டனை உண்டா?

பாரிஸ் ஒப்பந்தத்தில் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய இலக்கு தர வேண்டும், அது முந்தையதைவிட முன்னேற்றமாக இருக்க வேண்டும், அவ்வளவே. கியோட்டோவில் தவறியவர்களுக்குக் கூடுதல் சுமை என்று இருந்தது. ஆனால் அதைத் தவிர்க்கவும் வழி இருந்தது: 2011-ல் கனடா கியோட்டோவிலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

உள்நாட்டு நீதிமன்றங்களில்தான் இப்போது பிடி இறுகுகிறது. நெதர்லாந்தில் குடிமக்கள் தொடர்ந்த வழக்கில், 2020 முடிவுக்குள் 1990-ஐ விடக் குறைந்தது 25 சதவீதம் குறைக்கும்படி அரசுக்கு இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதி செய்தது. 2021-ல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், 2030-க்குப் பிறகான வழியைத் தெளிவாக வகுக்காத அந்நாட்டுக் காலநிலைச் சட்டம் சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. சில மாதங்களில் அரசு 2030 இலக்கை 55-லிருந்து 65 சதவீதமாக உயர்த்தி, காலநிலை நடுநிலைக்கான (அதாவது நிகர பூஜ்ஜியத்துக்கான) ஆண்டையும் 2050-லிருந்து 2045-க்கு முன்னே கொண்டுவந்தது.