'ஆமாம்' என்று தலையை இடவலமாக ஆட்டும் ஊர்

வெளிநாட்டுப் பயணத்தில் பார்த்துச் சிரித்த பழக்கவழக்க வேறுபாடு எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பல்கேரியா. அலுவலக வேலையாக 2019 பிப்ரவரியில் மதுரையிலிருந்து கிளம்பி, அதன் தலைநகர் சோஃபியாவில் நான்கு மாதம் இருந்தேன்.

அங்கே 'ஆமாம்' என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். 'இல்லை' என்றால் மேலும் கீழும். சில சமயம் தலையை ஒரே ஒரு முறை மேலே தூக்கி, நாக்கால் 'ப்ச்' என்பார்கள். (நம் வீட்டுக் குழந்தைகள் "சாப்டியா?" என்றால் சொல்லும் அதே 'ப்ச்'!) வாயால் சொன்னால் 'தா' ஆமாம், 'நே' இல்லை. இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். படித்தது கழுத்துக்குத் தெரியவில்லை.

போன மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா சுடச்சுட பனித்சா கொண்டுவந்தார். மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே முட்டையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் பலகாரம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. "வேணுமா?" என்பதுபோல் தட்டை நீட்டினார். நானும் ஆசையாக, வேகவேகமாக மேலும் கீழும் தலையாட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பின்னாலேயே ஓடிப்போய் "தா, தா" என்றேன். அவர் மொழியில் அது 'ஆமாம்'; நம் மொழியிலும் அந்த நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது!

நாம் "சரி சரி" என்று தலையைத் தோளுக்குத் தோள் சாய்ப்போமே, அது அவர்களுடைய 'ஆமாம்' ஆட்டத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி. காய்கறிக் கடையில் அதைச் செய்தபோது யாருக்கும் எந்தக் குழப்பமும் வரவில்லை. குழப்பம் வந்தது அலுவலகத்தில்தான். அங்கிருந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்களோடு பழகியவர்கள். எனக்காக மாற்றி ஆட்டுவார்கள். நான் அவர்களுக்காக மாற்றி ஆட்டுவேன். கடைசியில் எல்லாவற்றையும் வாயால் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வோம்.

ஏன் இப்படி என்று விசாரித்தால் ஒரு கதை சொல்கிறார்கள். ஏறத்தாழ 500 ஆண்டு ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்த நாடு அது. கழுத்தில் கத்தியை வைத்து "மதம் மாறுகிறாயா?" என்று கேட்டபோது, கத்தியைப் பொருட்படுத்தாமல் மேலும் கீழும் தலையாட்டி மறுத்தார்களாம். ஆதாரமெல்லாம் கிடையாது, வாய்வழிக் கதைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமை நிஜம்.

மார்ச் 8, மகளிர் தினத்தை அங்கே வீட்டுக்கு வீடு பூக்கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று பத்து ரோஜா கேட்டேன். பூக்காரம்மா மறுத்து, பதினொன்றாக்கிக் கட்டிக் கொடுத்தார். இரட்டைப்படையில் பூ கொடுப்பது இறந்தவர்களுக்குத்தானாம். மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற ஊரிலிருந்து போனவளுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

வெயில் ஏறியதும் தரத்தோர் என்று ஒரு சூப் கொடுத்தார்கள். தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட் போட்டுக் குளிரக் குளிரக் குடிப்பது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏண்டி, சோத்துக்குத் தொட்டுக்கிற பச்சடியையா டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறாங்க?" என்று சிரித்துச் சிரித்து, அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார்.

இன்னொன்று. சோஃபியாவில் மின்கம்பம், பேருந்து நிறுத்தம், வீட்டு வாசல் கதவு என்று எங்கு பார்த்தாலும் புகைப்படம் போட்ட சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருக்கும். முதல் வாரம் தேர்தல் விளம்பரம் என்றே நினைத்தேன். அவர்களுடைய சிரிலிக் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகுதான் தெரிந்தது, அவை இறப்பு அறிவிப்புகள். 'நெக்ரோலோக்' என்கிறார்கள். இறந்தவுடன் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். என்னோடு வேலை பார்த்த ஐரோப்பியர் சிலருக்கு இது விநோதமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும்கூட. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி பார்த்து வளர்ந்த எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

மே மாதம் ஒரு நாள், வீட்டுக்கார அம்மா எங்கள் கட்டடத்து வாசலில் அப்படி ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் இறந்து ஐந்து ஆண்டு. பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் தெருமுனையில் தாத்தாவுக்கு ஒட்டிய முதலாமாண்டு நினைவஞ்சலி சுவரொட்டியின் படம் என் செல்போனில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிக் காட்டி, "உன் தாத்தாவா?" என்பதுபோல் கையசைத்தார்.

இடவலமாகத் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அன்றைக்கு என் கழுத்து தப்பே செய்யவில்லை.