பிஸ்டல் சுடுபவருக்குக் கண்புரை: வலது கண்ணில் எந்த லென்ஸ்?

கேள்வி: வயது 61, கோவையில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடக் கற்றுக்கொண்டு, மாநிலப் போட்டிகளில் மூத்தோர் பிரிவில் கலந்துகொள்கிறேன். வலது கண்ணால்தான் குறி பார்ப்பேன். போன வருடம் திடீரென்று கண்ணாடி இல்லாமலே ஃபிரண்ட் சைட் (குறி பார்க்க பிஸ்டலின் நுனியில் இருக்கும் கறுப்புக் கம்பி) பளிச்சென்று தெரிந்தது, ஸ்கோரும் ஏறியது. இப்போது எல்லாமே மங்கல். வலது கண்ணில் புரை என்கிறார்கள். ‘ட்ரைஃபோக்கல் லென்ஸ் வைத்துக்கொண்டால் கண்ணாடியே வேண்டாம்’ என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சாதாரண லென்ஸைவிட விலை பல மடங்கு. காசு பிரச்சினை இல்லை. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: போன வருடம் கண் நன்றாகிவிட்டது என்று நினைத்தீர்களே, அது புரையின் வேலைதான். கண்லென்ஸின் நடுப்பகுதியில் புரை முற்றும்போது லென்ஸ் இறுகி, கண்ணுக்கு மைனஸ் பவர் ஏறும். ‘இந்த வயசிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன்’ என்று சில தாத்தாக்கள் பெருமைப்படுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உங்களுக்கு அரையோ முக்காலோ டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) மைனஸ் ஏறியிருக்கும். அது உங்கள் ஃபிரண்ட் சைட் நிற்கும் தூரத்துக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. சில மாதம் இலவசமாகக் கிடைத்த ஷூட்டிங் லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அரை டயாப்டர் கணக்கு கீழே மறுபடி வரும்.

ட்ரைஃபோக்கல் விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: குறி பார்க்கும் கண்ணுக்கு அது வேண்டாம்.

அந்த லென்ஸ் கெட்டது என்பதால் இல்லை. பேப்பர், கம்ப்யூட்டர், கார் ஓட்டுவது என்று மூன்றுக்கும் கண்ணாடி இல்லாமல் இருக்க விரும்பும் பலருக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டு, ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கை நடுத்தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் அனுப்புகிறது. எந்த ஒரு தூரத்தைப் பார்த்தாலும் மற்ற இரண்டு பங்கு வெளிச்சமும் மங்கலாக அதன் மேலேயே விழும். மூளை பழகி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தெருவில் நடக்கும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கம்பியின் ஓரத்தை உற்றுப் பார்ப்பதுதான் உங்கள் விளையாட்டே. வேறோர் ஊரில் இந்த லென்ஸ் வைத்துக்கொண்டு என்னிடம் வந்த ஒருவர் சொன்னது: ‘டாக்டர், பேப்பர் பிரமாதமா படிக்கிறேன். ரேஞ்சுக்குப் போனா ஃபிரண்ட் சைட்டுக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல இன்னொரு ஃபிரண்ட் சைட் நிக்குது.’

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகையில் பிரபலமான பேன்ஆப்டிக்ஸ் லென்ஸின் நடுத்தூரக் குவியம் 60 சென்டிமீட்டரில், கிட்டக் குவியம் 40-இல். நீங்கள் கையை நீட்டிப் பிடிக்கும்போது ஃபிரண்ட் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் நிற்கும். தூரக் குவியத்துக்கும் 60 சென்டிமீட்டருக்கும் நடுவில் கூர்மை சற்றுத் தாழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஃபிரண்ட் சைட் போய் நிற்பது அந்தப் பள்ளத்தில்தான்.

அந்த ஓரம் கூர்மையாகத் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஏர் பிஸ்டலில் ரியர் சைட்டுக்கும், அதாவது பின்பக்கத்தில் வெட்டு விட்ட தகட்டுக்கும், ஃபிரண்ட் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 35 சென்டிமீட்டர். அந்த வெட்டுக்குள் ஃபிரண்ட் சைட் 0.3 மில்லிமீட்டர் விலகி நின்றால், 10 மீட்டரில் அது எட்டரை மில்லிமீட்டராகிவிடும். டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள தூரமே 8 மில்லிமீட்டர்தான். ஃபிரண்ட் சைட்டின் இரண்டு பக்கமும் தெரிகிற வெள்ளைக் கீற்றுகள் சமமா இல்லையா என்று கண் சொல்லாவிட்டால் ஒரு பாயின்ட் போயிற்று. டார்கெட் மங்கலாக இருந்தால் பரவாயில்லை என்று கோச்சுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் என்ன வைப்பது? நல்ல மோனோஃபோக்கல், அதாவது ஒற்றைக் குவிய லென்ஸ். வரும் வெளிச்சம் அத்தனையும் ஒரே இடத்தில் குவியும். காண்ட்ராஸ்டில், அதாவது கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துக் காட்டுவதில், அதை மிஞ்ச இன்றுவரை எதுவும் இல்லை. காசு பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே விலை ஏறுவது வசதிக்காக, கூர்மைக்காக அல்ல. மதுரையில் ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் தயாரிக்கிறது. அதன் லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது. விலை குறைவு என்பதால் மட்டும் ஒரு மோனோஃபோக்கலை ஒதுக்காதீர்கள். இந்த லென்ஸுக்குப் பின்னாலேயே ஒரு துப்பாக்கிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டு உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அவற்றைத் தாங்கிக்கொண்டதைப் பார்த்துத்தான், லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949-இல் முதல் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார்.

இடையில் ஐஹான்ஸ் போன்ற ‘மேம்பட்ட மோனோஃபோக்கல்’ லென்ஸ்களும் இருக்கின்றன. இவை வெளிச்சத்தைப் பங்கு போடுவதில்லை. குவியத்தை மட்டும் கொஞ்சம் நீட்டித் தருகின்றன. உங்கள் மருத்துவர் இதைச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன். ஈடாஃப் எனப்படும் நீள்குவிய லென்ஸ்களில் காண்ட்ராஸ்ட் இழப்பு அதைவிடக் கூடுதல், அதிலும் வெளிச்சம் குறைந்த இடத்தில். டென்னிஸ் ஆடுபவராக இருந்தால் யோசிக்கலாம் என்பேன்.

லென்ஸ் வகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பவர். இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். ‘தூரத்துக்கு வைக்கிறோம்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு மீட்டரில் உள்ள பொருளைப் பார்க்க 1 டயாப்டர் வேண்டும், 10 மீட்டரில் உள்ளதற்கு 0.1. இரண்டுக்கும் நடுப்புள்ளி 0.55. அதாவது தூரத்துக்குச் சரியாக இருக்கும் கண்ணுக்கு முன்னால் +0.50 லென்ஸ் போட்டால் ஃபிரண்ட் சைட் கூர்மையாகவும் டார்கெட்டின் கறுப்பு வட்டம் ஓரளவு உருண்டையாகவும் தெரியும். ஃபிரண்ட் சைட் இன்னும் கறாராக வேண்டும் என்பவர்கள் +0.75 போடுவார்கள். போன வருடம் உங்கள் புரை செய்துகொடுத்தது இந்தத் திருத்தத்தைத்தான்.

‘அப்படியானால் கண்ணுக்குள்ளேயே மைனஸ் அரை வரும்படி வைத்துவிடுங்கள், கண்ணாடியே வேண்டாமே’ என்று தோன்றும். கேட்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்கள் பொதுவாக அரை டயாப்டர் படிகளில்தான் வரும். ஒரு படி மாறினால் கண்ணாடிக் கணக்கில் சுமார் 0.35 மாறும். அப்புறம், எவ்வளவு நன்றாக அளந்தாலும் லென்ஸ் ஆறி அமரும் இடத்தைப் பொறுத்து அரை டயாப்டர் முன்பின் ஆவது சகஜம். குறி வைத்த இடத்தில் விழாமல் போவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல.

அதனால் என் யோசனை: பூஜ்யத்துக்கு மிக அருகில், ஆனால் மைனஸ் பக்கமாக, -0.25-லிருந்து -0.50-க்குள் வரும் லென்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கணக்குப் பிசகி பூஜ்யத்தில் நின்றாலும் -1-இல் நின்றாலும், ஷூட்டிங் கண்ணாடியில் ஒரு சின்ன லென்ஸை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ப்ளஸ் பக்கம் போய்விட்டால் கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரமும் தெளிவாக இருக்காது, அதுதான் எரிச்சல். பிஸ்டலின் மேல் லென்ஸ் எதுவும் பொருத்த விதி அனுமதிக்காது. ஆனால் சுடுபவர் பவர் கண்ணாடி அணியலாம். நோப்லாக், சாம்பியன் மாதிரி ஃப்ரேம்களில் இருக்கும் வட்ட லென்ஸைக் கழற்றி வேறொன்றைப் போட ஐந்து நிமிடம் போதும்.

சிலிண்டர் பவர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். சிலிண்டர் உள்ள கண்ணில் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் ஒரே தூரத்தில் குவியாது. உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஃபிரண்ட் சைட்டின் மேல்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பக்கத்து வெள்ளைக் கீற்று மட்டும் பஞ்சாகக் கலங்கியிருக்கும், அல்லது தலைகீழாக. மேல்விளிம்பு கலங்கினால் குண்டு மேலும் கீழுமாகவும், கீற்று கலங்கினால் இடமும் வலமுமாகவும் சிதறும். கருவிழியில் முக்கால் டயாப்டருக்கு மேல் சிலிண்டர் இருந்தால், அதையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும். டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி திரும்பினால் வைத்தும் வைக்காதது போலத்தான்.

மருத்துவமனைக்குப் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. அதற்குப் பதில் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கம்போல நின்று, பிஸ்டலை நீட்டிக் குறி பாருங்கள். மனைவியையோ பேரனையோ கூப்பிட்டு, கண்ணின் வெளி ஓரத்திலிருந்து ஃபிரண்ட் சைட் வரை நூல் பிடிக்கச் சொல்லி, அந்த நூலை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிஸ்டல் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு அதே நீளத்தில் ஒரு குச்சி, அதன் நுனியில் நாலரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பு அட்டைத் துண்டு. இதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால், நீங்கள் சொல்வது அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். எந்தக் கண்ணால் குறி பார்க்கிறீர்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வலது கைக்காரர் எல்லாரும் வலது கண்காரர் அல்ல. புரை ஏறிய கண்ணை மூளை ஒதுக்கி, ஆதிக்கக் கண்ணே மாறிப்போவதும் உண்டு. முன்பு லாசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பவர் கணக்கே வேறு.

இடது கண்ணில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. பிஸ்டல் சுடும்போது அதன் முன்னால் மறைப்புத்தான் தொங்கப்போகிறது. பின்னாளில் அதிலும் புரை வந்தால், -1.25 வாக்கில் மோனோஃபோக்கல் வைத்து, ஃபோன், காய்கறிக் கடை விலைப்பட்டியல் எல்லாவற்றையும் அந்தக் கண்ணிடம் ஒப்படைத்துவிடலாம். சிலருக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒத்துக்கொள்ளாது. சோதனை லென்ஸ் போட்டு அரை மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதே கேள்வியை ரைஃபிள் சுடுபவர் கேட்டிருந்தால், கண்ணருகே உள்ள சுமார் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையே பாதிப் பிழையை விழுங்கிவிடும், பவரைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பறக்கும் தட்டு சுடுபவர் என்றால் இரண்டு கண்ணும் தூரத்துக்குத்தான்.

அறுவை முடிந்த மறுநாளே வெள்ளைச் சுவர் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும், பயப்படாதீர்கள். இத்தனை வருடம் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டார்கெட்டின் மேல் 1500 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சம் விழும் ரேஞ்சில் அது கூசக்கூடும். லேசான சாம்பல் ஃபில்டர் போதும். ஏர் பிஸ்டலில் உதைப்பு இல்லையென்றாலும், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சுடாதீர்கள். சொட்டு மருந்து போடும் நாட்களில் ஈயம் தொட்ட கையோடு கண் பக்கம் போக வேண்டாம். பவர் நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் ஷூட்டிங் லென்ஸ் செய்யக் கொடுத்தால் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள்.

சில மாதமோ சில வருடமோ கழித்து ஃபிரண்ட் சைட் மறுபடி பனிமூட்டமானால், புரை திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துப் பதற வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்குவதுதான் அது. யாக் லேசரில் சில நிமிட வேலை, ஊசிகூட இல்லை. போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாள் கண்ணில் பூச்சி பறக்கும்.