ஜிம்மியின் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஜிம்மிக்கு 11 வயது. தடுப்பூசிக்குப் போனபோது இதயத்தில் மர்மர் கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே, எக்கோ எடுக்கச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை. இரவில் இருமுகிறான். அப்பாவின் நீர் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கிறேன். வாக்கிங்கை நிறுத்திவிட்டேன். தினமும் முட்டை கொடுத்ததால் அடைப்பு வந்திருக்குமா? இன்டர்நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தூக்கத்திலேயே போய்விடுவானா? (திருச்சி வாசகி)

பதில்: முதலில் அந்த மாத்திரை. எத்தனை நாளாக, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இன்றைக்கே உங்கள் டாக்டருக்கு போன் செய்து சொல்லுங்கள். அவர் சொல்லாமல் அடுத்த அரை மாத்திரை வேண்டாம். அப்பாவுக்கு அதை எழுதிக்கொடுத்தவர் ஜிம்மியைப் பார்த்தவர் இல்லை. நுரையீரலில் நீர் கோக்காத நாய்க்கு அதனால் பயன் கிடையாது. உடம்பு வற்றி, சிறுநீரகம்தான் அடி வாங்கும். மனிதர்களுக்கான இருமல் சிரப்பும் அப்படித்தான், தொடவே வேண்டாம்.

தூக்கத்தில் போய்விடுவானா என்ற பயத்துக்கு வருகிறேன். வயதான சின்ன ரக நாய்களுக்குப் பெரும்பாலும் வருவது வால்வு தேய்மானம். மழைக்காலத்தில் உப்பிய கதவு சரியாகச் சாத்தாது அல்லவா, அதுபோல இடப்பக்க வால்வு தடித்து, முழுசாக மூடாமல், ரத்தம் கொஞ்சம் பின்னால் கசிகிறது. அந்தக் கசிவின் சத்தம்தான் மர்மர். முன்னறிவிப்பே இல்லாமல் சுருண்டு விழுவது டாபர்மேன், பாக்ஸர் போன்ற பெரிய ரகங்களுக்கு வரும் இதயத்தசை நோயில்தான் அதிகம். வால்வு நோய் மெதுவாக நகரும். மர்மரோடு பல வருடம் ஓடியாடிவிட்டு, வேறு ஏதோ காரணத்தால் இறக்கும் நாய்கள் நிறைய.

நிலைமை மோசமானால் அது பெரும்பாலும் மூச்சில்தான் முதலில் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை. ஜிம்மி அயர்ந்து தூங்கும்போது அருகில் உட்காருங்கள். விலாப்பக்கம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். கனவு கண்டு கால் உதறும்போது எண்ணாதீர்கள். வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போதும் வேண்டாம், ஃபேன் காற்றில் அசந்து தூங்கட்டும். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் நீங்களும் போய்த் தூங்கலாம். 30-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம். படுக்க முடியாமல், முன்னங்கால் முட்டியை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாலோ, ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, மயங்கி விழுந்தாலோ நடுராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. போன வருடம் ஒருவர் “சளிதான் டாக்டர்” என்று கற்பூரவள்ளிச் சாறு, ஆவி என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டுத் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணினேன், 64. நெஞ்சில் இருந்தது சளி இல்லை, நீர்.

இருமலை மட்டும் வைத்து நடுங்க வேண்டாம். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் இருமல் வரும், வாத்து கத்துவது போலக் கேட்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை மாட்டுங்கள். எது என்று எக்ஸ்ரே சொல்லும்.

அந்த எக்ஸ்ரேவையும் எக்கோவையும்தான் நீங்கள் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. இதயம் பெரிதாகவில்லை என்றால் மாத்திரையே வேண்டியதில்லை, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். பெரிதாகியிருந்தால், தொந்தரவு தொடங்கும் முன்பே பிமோபென்டான் மாத்திரை தருவோம். அது இதயம் செயலிழக்கும் கட்டத்தைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போட்டதை 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும்.

முட்டை? நம்மைப் போல ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து மாரடைப்பு வருவது நாய்களுக்கு மிக அபூர்வம். முட்டையை விடுங்கள், அப்பளம், கருவாடு, சாம்பார் சோறு என்று உப்பு போகிறதா பாருங்கள், அதை நிறுத்துங்கள். மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்தால் காலை ஆறு மணிக்கு, அவன் வேகத்தில், கொஞ்ச தூரம் நடக்கட்டும். பாவம், அவனை ஏன் அடைத்துப்போட வேண்டும்?

எண்ணியதை தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தேதியோடு குறித்து வையுங்கள். எக்கோவுக்குப் போகும்போது அந்தத் தாள்களையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.